ஈஸ்டருக்குப் பிறகும் முடியாத லெந்து

நான் சொன்ன பொய்களிலேயே மோசமானதை ஒரு பிரியாணி அண்டாவுக்கு முன்னால் நின்று சொன்னேன்.

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் சபை வளாகத்தில் ஈஸ்டர் ஆராதனை முடிந்து எல்லோருக்கும் சாப்பாடு. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாற்பது நாளும் கறி மீன் தொடாத கூட்டம், அன்றைக்கு யாரையும் பிடித்து நிறுத்த முடியாது. என் தட்டில் மட்டும் வெள்ளரிக்காய். பரிமாறிய அக்கா கரண்டியை நீட்டிக்கொண்டே, "லெந்துதான் முடிஞ்சிருச்சே, இன்னும் என்னம்மா?" என்றார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஜனவரியில், எடை குறைக்கிறவர்களின் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன். தினமும் காலையில் எடை மிஷின் மேல் நின்று, காலும் எண்ணும் தெரியப் படம் எடுத்துப் போட வேண்டும். மூன்று வேளைத் தட்டையும் போட வேண்டும். தட்டில் சோறு தெரிந்தால் கோச் எல்லோர் முன்னாலும் ஓர் அழுகை முகத்தை அனுப்புவார். நாற்பத்து மூன்று வயதில், பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற ஒருத்தி, அந்த மஞ்சள் மூஞ்சிக்குப் பயந்து சோறு தின்பதில்லை என்று எந்த வாயால் சொல்வது? லெந்து இருந்தவரை கவலையில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை, "முகத்துல ஒரு களை வந்திருக்கு" என்றுகூடச் சொன்னார்கள்.

"பொருத்தனை பண்ணியிருக்கேன்க்கா. சோறு, கறி எல்லாம் விட்டுட்டேன்."

பொருத்தனை என்று சொல்லிவிட்டால் எங்கள் ஆட்கள் அதற்கு மேல் வற்புறுத்த மாட்டார்கள். ஆண்டவரிடம் செய்துகொடுத்த வாக்கு அது. ஆனால் எதற்காக என்று கேட்காமலும் விட மாட்டார்கள்.

"அவருக்கு உடம்பு சரியில்ல" என்றேன்.

என் வீட்டுக்காரர் இரண்டாவது தட்டுப் பிரியாணியோடு பந்தலின் ஓரத்தில் நின்று யாருடனோ சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தக் குழு ஒரு பூட்டு என்றால், அன்றோடு என் வாய்க்கு இரண்டாவது பூட்டும் விழுந்தது. குழுவை விட்டு வெளியேறலாம் என்று எத்தனையோ முறை போனை எடுத்திருக்கிறேன். வெளியேறினாலும் பொருத்தனை விடாது. கல்யாண வீடு, பிறந்தநாள், எங்கே போனாலும், "அவங்களுக்கு வைக்காதீங்க, பொருத்தனை" என்று யாராவது எனக்காக மறித்தார்கள். தெருவில் மீன் கொண்டுவரும் அக்கா எங்கள் சபை நாள்காட்டியை எங்களைவிட நன்றாக அறிந்தவர். "இன்னாக்கா, லெந்து முட்ஞ்சு எம்மா நாளாவுது, இன்னும் மீனு வாணாமா?" என்று கேட்டுப் பார்த்தார். பிறகு எங்கள் வாசலில் கூடையை இறக்குவதையே விட்டுவிட்டார்.

பசித்தது. வீட்டில் எல்லோருக்கும் சமைத்துப் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவ நிற்பேன். சட்டியில் ஒட்டிய சோற்றை முதலில் தண்ணீர் ஊற்றிக் கரைத்துவிடுவேன். இல்லாவிட்டால் கை தானாக வாய்க்குப் போய்விடும் என்று பயம். கொத்துக் கொத்தாக முடி கொட்டியது. கணக்கில் ஒரு குறியை மாற்றிப் போட்டதற்காக ஒரு பெண் பிள்ளையிடம் வகுப்பே நடுங்கும்படி கத்தினேன். எல்லோர் மேலும் எரிச்சல், அதிலும் சாப்பிடுகிறவர்கள் மேல்.

ஜூனில் குரோம்பேட்டையில் எங்கள் பள்ளி திறந்தது. ஆசிரியர் அறையில் என் பக்கத்து நாற்காலி தமிழ் மிஸ்ஸுடையது. ஒரே சபை, பதினோரு வருஷமாக ஒருத்தி டப்பாவில் மற்றவள் கைவிட்டுச் சாப்பிடுகிறவர்கள். ஈஸ்டருக்கு ஊருக்குப் போயிருந்தவள், விஷயத்தைப் பிறகுதான் கேள்விப்பட்டிருக்கிறாள். முதல் வெள்ளிக்கிழமை அவள் டப்பாவே கொண்டுவரவில்லை.

"வெள்ளிக்கிழமை உன்கூட நானும் உபவாசம். அண்ணன் நல்லாகணும்டி." என் வீட்டுக்காரரை அவள் அண்ணன் என்றுதான் சொல்வாள்.

அவளுக்குச் சர்க்கரை. காலையும் இரவும் மாத்திரை. அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். "தேங்க்ஸ்டி" என்றேன். அண்ணனுக்கு என்ன என்று கேட்டதற்கு, ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள் என்று ஒரு புதுப் பொய்யையும் சேர்த்துக்கொண்டேன்.

நாலாவது வெள்ளிக்கிழமை சாயங்காலம், ரயில் நிலையத்துப் படிக்கட்டில் அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வியர்வை, விரல்கள் நடுங்கின. ஓடிப்போய் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ வாங்கிவந்து, டம்ளரை என் கையாலேயே பிடித்துக் குடிக்க வைத்தேன். பாதி குடித்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "ஸ்கேன்ல என்ன சொன்னாங்க?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அப்போதும் என் மனதில் முதலில் வந்தது, இவளிடம் சொல்லிவிட்டால் நாளையிலிருந்து நான் சாப்பிட வேண்டியிருக்குமே என்பதுதான். அந்த நினைப்புதான் என்னைப் பயமுறுத்தியது. எல்லாவற்றையும் சொன்னேன், குழு, மிஷின், பிரியாணி அண்டா, எல்லாம்.

தாம்பரம் வண்டி வந்து போனது. நாங்கள் ஏறவில்லை.

"அண்ணனுக்காக முழங்கால்ல நின்னு அழுதிருக்கேன்டி" என்றாள். எழுந்து, என் கையைப் பிடிக்காமல், கம்பியைப் பிடித்துப் படியேறிப் போனாள்.

அந்த வாரம் முழுவதும் பேசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு டப்பாக்களை மேசையில் வைத்தாள், ஒன்று என் முன்னால், ஒன்று அவள் முன்னால்.

"அண்ணனுக்கு ஒண்ணுமில்ல, சந்தோஷம். ஆனா உங்க வீட்ல ஒருத்தருக்கு உடம்பு சரியில்லதான? அதனால இன்னைக்கும் நான் உபவாசம்தான். உனக்காக."

"வேண்டாம்டி. உனக்குச் சர்க்கரை. மறுபடி மயக்கம் வந்தா?"

"அப்ப நீ சாப்பிடு."

திறந்தேன். வெள்ளைச் சோறு, வஞ்சிரக் குழம்பு. என் கை பழக்கதோஷத்தில் போனைத் தேடி எடுத்து, படம் எடுக்க டப்பாவுக்கு மேலே பிடித்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். போனைக் கவிழ்த்து வைத்தேன். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, என்னை இப்படி மடக்கிவிட்டாளே என்று. கோபத்தோடுதான் பிசைந்தேன். முதல் வாயை மென்றுகொண்டே இருந்தேன். அழுகை வேறு. விழுங்கினேன்.

அதன் பிறகுதான் அவள் தன் டப்பாவின் மூடியைத் திறந்தாள்.

மிஷினை இன்னும் தூக்கிப் போடவில்லை, கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது. சில காலைகளில் குனிந்து இழுக்கவும் செய்கிறேன். ஆனால் இன்றுவரை எந்த வெள்ளிக்கிழமையும், நான் முதல் வாயை விழுங்காமல் அவள் தன் டப்பாவைத் திறந்ததில்லை.