குடிலுக்கு வைக்கோல்: ஆவடியிலிருந்து செம்பரம்பாக்கம் வரை

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரமான திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறன்று செம்பரம்பாக்கம் போய் ஒரு பை வைக்கோல் கொண்டுவருவது எங்கள் வீட்டு வழக்கம். பதினோரு வருடமாக நடக்கிறது. வைக்கோல் எதற்கென்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். குடிலில் குழந்தை இயேசுவுக்கு வைக்கும் தீவனத் தொட்டியை முதல் நாள் காலியாக விட்டுவிடுவோம். அன்றன்று யாருக்காவது ஒரு நல்லது செய்தவர் மாலையில் ஒரே ஒரு வைக்கோலை அதில் போடலாம். என்ன செய்தோம் என்று வெளியே சொல்லக் கூடாது. இருபத்து நான்காம் தேதிக்குள் தொட்டி நிரம்பினால் குழந்தைக்கு மெத்தை கிடைக்கும், இல்லாவிட்டால் வெறும் மரத்தில்தான் படுக்கை. இந்த ஏற்பாடு முழுக்க என் மனைவி ஸ்டெல்லாவுடையது.

ஸ்டெல்லா ஆகஸ்டில் நர்ஸ் வேலைக்குக் குவைத் போய்விட்டாள். அதனால் இந்த வருடம் நானும் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் ஜெனியும் மட்டும் கிளம்பினோம். நான் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன், குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறோம். எந்திரம் பழுதானால் பதற மாட்டேன். மற்ற எல்லாவற்றுக்கும் பதறுவேன்.

பக்தி எங்கள் வீட்டில் ஸ்டெல்லாவின் இலாகா. இரவு ஜெபமாலையில் ஒவ்வொரு மணிக்கும் அவள் ஜெபத்தின் முதல் பாதியைச் சொல்வாள், நானும் ஜெனியும் பதில் பாதியைச் சொல்வோம். அவள் விமானம் ஏறிய பிறகு இரண்டு நாள் சொன்னோம். மூன்றாம் நாள் எனக்கு ஓவர்டைம். நான்காம் நாள் அசதி. அப்படியே நின்றுபோனது. ஸ்டெல்லா போனில் "ஜெபமாலை ஆச்சா?" என்று கேட்கும்போதெல்லாம் "ஆச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அக்டோபரில் ஜெனி ஞாயிறு பூசைக்கு வருவதை நிறுத்தினாள். முதலில் தலைவலி என்றாள், அப்புறம் காரணமே சொல்லவில்லை. அதையும் நான் ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை. பதினைந்து வருடம் அவள் கட்டிக் காத்த விசுவாசம் என் கையில் மூன்றரை மாதத்தில் அணைந்துவிடும் என்ற பயம் எனக்கு.  இந்த வைக்கோல் பயணத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று மலைபோல் நம்பியிருந்தேன்.

காலை ஆறரை பூசைக்கு நான் மட்டும் போய்வந்தேன். "வைக்கோலுக்கு வரேன், பூசைக்கு வரல" என்று ஜெனி முன்பே சொல்லிவிட்டாள். எட்டு நாற்பதுக்கு ஆவடி பேருந்து நிலையம். ஸ்கூட்டரில் போனால் அரைமணி நேரம்தான், ஆனால் குழந்தை பிறக்கும் முன் சூசையப்பரும் மாதாவும் அவ்வளவு தூரம் கஷ்டப்பட்டுப் போனார்கள், நாம் பஸ்ஸிலாவது போவோம் என்பது ஸ்டெல்லா போட்ட சட்டம். பூந்தமல்லிக்குப் பத்து கிலோமீட்டர். சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் ஜெனிக்கு இலவச டிக்கெட், எனக்குப் பதிமூன்று ரூபாய். ஏறியதும் அவள் இரண்டு காதிலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். நான் பருத்திப்பட்டு வருவதற்குள் மழை ஆப்பை மூன்று முறை பார்த்துவிட்டேன். மூன்று முறையும் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை இருந்தது.

ஒன்பதரைக்குப் பூந்தமல்லி. நிலையத்துக்கு வெளியே ஒரு பாய் கடையில் டீயும் சமோசாவும் சாப்பிட்டோம், இருவருக்கும் சேர்த்து ஐம்பது ரூபாய். அங்கிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் ஷேர் ஆட்டோ, ஆளுக்கு முப்பது. செம்பரம்பாக்கத்தில் வைக்கோல் எங்கே கிடைக்கும் என்று ஓட்டுநரிடம் கேட்டு வைத்தேன்.

"வைக்கலா? அங்க இன்னா கீது சார், எல்லாம் குடோன்தான் கீது. ஏரி பாக்கப் போறியா?"

"இல்லைங்க, வைக்கோல்தான்."

"மழை நாள்ல வைக்கல் தேடிகினு போற மொத ஆளு நீதான் சார்." கண்ணாடியில் ஜெனியைப் பார்த்து, "பாப்பா, அப்பா நல்லாத்தான கீறாரு?" என்றார். ஜெனி ஹெட்போனைக் கழற்றாமலே தோளைக் குலுக்கினாள்.

பத்தே காலுக்கு இறங்கினோம். ஏரி ததும்பி நின்றது. உபரி நீர் திறக்கலாம் என்று கரைமேல் யாரையும் ஏற விடவில்லை, தடுப்புக் கம்பியிலிருந்து பார்ப்பதோடு சரி. இந்தத் தண்ணீரைத்தான் நகரம் குடிக்கிறது, இதே தண்ணீருக்குத்தான் நவம்பரில் நகரம் நடுங்குகிறது. நானும் கொஞ்சம் நடுங்கினேன்.

வருடா வருடம் நாங்கள் வைக்கோல் வாங்கும் வீடு நெடுஞ்சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே. போய்ப் பார்த்தால் அங்கே வீடு இல்லை. எட்டடி உயரத்துக்கு மதில், உள்ளே தகரக் கூரை போட்ட பெரிய கிடங்கு. வாசலில் இருந்த காவலாளிக்குத் தமிழ் தெரியவில்லை, எனக்கு இந்தி தெரியவில்லை. வைக்கோல் என்பதைக் கையால் எப்படிக் காட்டுவது? நான் மாடு மெல்வது மாதிரி வாயை அசைத்துக் காட்ட, அவர் டீக்கடை இருக்கும் பக்கம் கையைக் காட்டினார்.

 வெறுங்கையோடு திரும்பினால் இன்று மாலை தொட்டி பக்கத்தில் வைக்க ஒன்றும் இருக்காது, ஸ்டெல்லா வீடியோவில் கேட்பாள், ஜெனி எல்லாவற்றையும் ஏறக்கட்டிவிடுவாள். இன்னும் உள்ளே நடந்தோம். தூறல் விழுந்தது. பிளாட் போட்டுக் கல் நட்ட நிலத்தின் ஓரத்தில், பதினொன்று இருபதுக்கு, நீலத் தார்பாய் மூடிய வைக்கோல் போர் ஒன்று கண்ணில் பட்டது. பக்கத்தில் ஓலைக் கொட்டகை. ஆள் யாரும் இல்லை. ஜெனி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். கூப்பிட்டுப் பார்க்கலாம், காத்திருக்கலாம் என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. தார்பாயின் கயிற்றை அவிழ்த்து, இரண்டு கை நிறைய உருவிப் பையில் திணித்துக்கொண்டு வேகமாக நடந்தேன்.

நெடுஞ்சாலை நிறுத்தத்துக்கு வந்ததும் ஜெனி ஹெட்போனைக் கழற்றினாள்.

"யாருகிட்ட கேட்டீங்கப்பா?"

"அங்க ஒரு அம்மா இருந்தாங்க. எடுத்துக்கோங்கன்னு சொன்னாங்க."

"அங்க யாரும் இல்ல. நான் திரும்பிப் பார்த்தேன்."

நான் பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல் சாலையைப் பார்த்தேன். அவள் விடவில்லை. குரலை உயர்த்தாமலே சொன்னாள்: "அம்மாகிட்ட தினமும் ஜெபமாலை ஆச்சுன்னு சொல்றீங்கல்ல, அதே மாதிரி. நான் பக்கத்து ரூம்லதான்பா இருக்கேன். எல்லாம் கேக்குது. பொய் சொல்லிட்டு ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் போய் முன் பெஞ்ச்ல உக்காரணுமா? எனக்கு அது ஒரு மாதிரி இருக்கு. அதான் வரல."

எனக்கு முகம் எரிந்தது. இரண்டு மாதமாக அவள் போனையும் தோழிகளையும் காலத்தையும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். பங்குச்சாமியாரிடம்கூடப் போய், பிள்ளைகள் இப்படி ஆகிவிட்டார்களே என்று புலம்பியிருக்கிறேன். கோபமும் வந்தது, மறைப்பானேன். ஆனால் "சரி, வா" என்று மட்டும் சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டேன். மறுபடி ஒன்றரை கிலோமீட்டர். இப்போது தூறல் மழையாகியிருந்தது.

கொட்டகை அருகில் ஒரு அம்மா இருந்தார். ஐம்பது வயதிருக்கும், பெயர் கன்னியம்மா என்று பிறகு தெரிந்தது. ஏணி போட்டுத் தார்பாயை இழுத்துக் கட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவிழ்த்துவிட்டுப் போன கயிறு அது. அந்தப் பக்கம் மேல் வரிசை நனைந்துபோயிருந்தது.

"அம்மா, உங்க போர்ல இருந்து கேக்காம எடுத்துட்டுப் போயிட்டேன். திருப்பிக் குடுக்க வந்தோம். கயிறும் நான்தான் அவுத்தேன்" என்றேன். 

அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எட்த்துகினு போனவன் எவனும் திரும்பி வந்ததில்ல. நீ இன்னாத்துக்கு வந்த?"

"இவ வர வெச்சா" என்று ஜெனியைக் காட்டினேன்.

"மொதல்ல இந்தக் கயித்தப் புடி. அப்பால பேசலாம்."

இருபத்தைந்து நிமிடம் நானும் ஜெனியும் அவருமாகத் தார்பாயைக் கட்டினோம். நனைந்த வைக்கோலைப் பிரித்துக் கொட்டகைக்குள் உலர்த்தினோம். உள்ளே ஒரு சினை மாடு நின்றது. மழை முடிகிற வரைக்கும் அதற்கு இந்தப் போர்தான் சாப்பாடு, வெளியே வாங்கினால் கட்டுப்படியாகாது என்றார். எதற்கு வைக்கோல் என்று அவர் கேட்டதும் ஜெனி குடிலைப் பற்றிச் சொன்னாள்.

"மாட்டுக் கொட்டாயிலயா பொறந்தாரு உங்க சாமி?"

"ஆமாக்கா. தீவனத் தொட்டியிலதான் படுக்க வெச்சாங்க."

கன்னியம்மா யோசித்தார். "தொட்டியில இவரு படுத்துகினா மாடு இன்னா துன்னுச்சு?"

ஜெனி சிரித்துவிட்டாள். ஆகஸ்டுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. "பைபிள்ல அதைப் பத்தி ஒண்ணும் இல்லக்கா."

"பாவம் அது. யாரும் கேக்கல போல." பையிலிருந்ததைப் போரோடு கொட்டிவிட்டு, உலர்ந்த பக்கத்திலிருந்து ஒரே ஒரு பிடி உருவி ஜெனியிடம் கொடுத்தார். "சின்னப் புள்ளதான, இது போதும். இதுக்கு மேல குடுத்தா என் மாடு பட்டினி." என்னிடம் எதுவும் கொடுக்கவில்லை. கிளம்பும்போது, மன்னித்துவிட்டீர்களா என்ற கேள்வி வாய் வரை வந்தது, ஆனால் அவர் ஏற்கெனவே மாட்டிடம் போய்விட்டார்.

இரண்டு மணிக்குப் பூந்தமல்லி, மூன்றேகாலுக்கு வீடு. பஸ்ஸில் ஜெனி அந்தப் பிடி வைக்கோலைத் துப்பட்டா நுனியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். அடுத்த ஞாயிறு பூசைக்கு வருவாயா என்று கேட்டேன். "தெரியலப்பா" என்றாள். 

இந்த மாதிரிப் போக நினைப்பவர்களுக்கு. ஏரிக்கரை மழைக்காலத்தில் மூடியிருக்கும், அதை நம்பிப் போகாதீர்கள். காலை ஒன்பதுக்குள் பூந்தமல்லி தாண்டிவிட்டால் நெரிசல் குறைவு. வயல்களைத் தேடாமல் மாடு வைத்திருப்பவர்களைத் தேடுங்கள், சாணி வாசனைதான் வழிகாட்டி. காகிதப் பை வேண்டாம், மழையில் கிழியும். கொண்டுவந்த வைக்கோலைச் செய்தித்தாளில் ஒருநாள் காயவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். யாரும் இல்லாவிட்டால் ஆள் வரும்வரை காத்திருங்கள். குடை எடுத்துப் போங்கள், நான் பதறிய பதற்றத்தில் அதை மறந்தேன். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள், ஆனால் அவர்கள் கவனிப்பதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். இருவருக்கும் சேர்த்து மொத்தச் செலவு நூற்றுத் தொண்ணூற்றாறு ரூபாய்.

மாலை ஏழரைக்கு ஸ்டெல்லா வீடியோவில் வந்தாள். ஜெனி சோபாவில் இருந்தாள். "வைக்கோல் கிடைச்சுதா?" என்றுதான் ஸ்டெல்லா கேட்டாள். நான் ஜெபமாலையைப் பற்றிச் சொன்னேன். மூன்றாம் நாளிலிருந்து ஒருநாளும் சொல்லவில்லை, உன்னிடம் சொன்னதெல்லாம் பொய், வைக்கோலும் திருடினேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.  அவள் டியூட்டிக் கோட்டைக் கழற்றுவது திரையில் தெரிந்தது. பிறகு இணைப்பு துண்டானது.

பதினோரு நிமிடம். வெளியே மழை. போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்தேன்.  பிறகு போன் அடித்தது.

"முழங்கால் போடுங்க. நான் லைன்ல இருக்கேன். முதல் பாதி நீங்க சொல்லுங்க" என்றாள்.

குடிலுக்குச் சுத்தம் செய்து வைத்திருந்த இடத்தின் முன்னால் முழந்தாளிட்டேன். போனைச் சுவரில் சாய்த்து வைத்தேன். பதினாறு வருடமாகப் பதில் பாதியை மட்டும் சொன்ன வாய், முதல் மணியிலேயே தடுமாறியது. நான் சொல்லி முடித்து இரண்டு நொடி கழித்துத்தான் குவைத்திலிருந்து பதில் வரும், கொஞ்சம் கரகரப்பாக. அந்த இரண்டு நொடி ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு மணிநேரமாக இருந்தது. இரண்டாம் மணி, மூன்றாம் மணி. நான்காம் மணியில் பதில் தாமதமில்லாமல் வந்தது, என் முதுகுக்குப் பின்னாலிருந்து. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்தாம் மணியை எடுத்தேன்.