மகளின் பழைய கம்ப்யூட்டருக்கு வாங்கிய பிராசஸர்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று ஒரகடத்தில் இருபது அறைகளை வாடகைக்கு விட்டிருக்கிறேன். யாரிடமும் யோசனை கேட்டுப் பழக்கமில்லை.

கல்யாணத்துக்கு முன் என் மகள் கம்ப்யூட்டரில் கார் பந்தயம் ஓட்டி என்னைத் தினமும் தோற்கடிப்பாள். அவள் பொங்கலுக்கு வருகிறாள் என்றதும், இப்போது திணறித் திணறி ஓடும் அந்தப் பெட்டிக்குக் கடையில் இருந்ததிலேயே பெரிய பிராசஸராக வாங்கினேன். அது போர்டில் உட்காரவில்லை. கட்டைவிரலால் அழுத்தப் போனேன்.

“அண்ணாச்சி, அமுக்காதிய! பின்னு வளைஞ்சா போர்டே போச்சு!”

தண்ணீர் மோட்டார் போடச் சொல்ல வந்த மூன்றாம் நம்பர் அறைப் பெண். செல்போன் கம்பெனியில் போர்டு சோதிப்பவள். “இதுக்கு இதோட வயசுக்காரன்தான் சேருவான்” என்று, பழசிலேயே நல்லதாக ஒன்றைத் தேடி அவளே மாட்டினாள்.

பொங்கலன்று மகள் சிரித்தாள்: “இன்னாப்பா, இன்னும் மாட்டுவண்டி மாதிரியே ஓட்டிகினு கீற?”

ஆசை தீரத் தோற்றேன். எத்தனையோ ஜெயித்தவன் நான். இந்தத் தோல்வியை மட்டும் மூன்றாம் நம்பர் பெண்தான் மீட்டுக் கொடுத்தாள்.