செல்லாத்தாளின் இட்டேரி

கோர்ட் டவாலி தன் பெயரை முழுதாகக் கூப்பிட்டு முடிக்க செல்லாத்தாள் ஒருநாளும் விட்டதில்லை. "செல்லா..." என்னும்போதே, "இருக்கறனுங்க சாமீ!" என்று குரல் கொடுத்துவிடுவாள். மூன்று முறை கூப்பிட்டும் ஆள் இல்லையென்றால் வழக்கைத் தள்ளிவிடுவார்கள் என்று யாரோ சொன்னதிலிருந்து இந்த அவசரம். வாய்தா நாளில் அவிநாசிப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் கோவைக்கு வந்து, கோர்ட்டைப் பெருக்குகிறவளுக்கு முன்பே வாசலில் நிற்பாள். கட்டுச்சோற்றில் பாதி வக்கீல் குமாஸ்தாவுக்கு.

ஐம்பத்தைந்து வயது, இரண்டு மாடு, ஒன்றரை ஏக்கர் காடு. காட்டிலிருந்து தார்ரோட்டுக்கு வர இருந்த ஒரே தடம் ஓர் இட்டேரி. 1991இல் பக்கத்துக் காட்டு வேங்கடசாமி அதைத் தன் நிலத்தோடு சேர்த்துக் கம்பிவேலி போட்டுவிட்டார். அன்றிலிருந்து பால் கேனைத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கி ஏறுகிறாள். மழைக்காலத்தில் அதுவும் முடியாது. தடம் போய்விட்டால் காட்டையும் வேங்கடசாமியிடமே விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

வழக்குப் போட்டாள். அது ஒரு டைப் மிஷினில் கவிழ்ந்தது. மனுவை அடித்தவர் 'இட்டேரி'யை 'இட்ட ஏரி' ஆக்கிவிட்டார். இடத்தைப் பார்வையிடக் கோர்ட் அனுப்பிய வக்கீல் கமிஷனரோ வெளியூர்க்காரர். காடு முழுக்கச் சுற்றிவிட்டு, "மேற்படி இடத்தில் ஏரி எதுவும் காணப்படவில்லை" என்று எழுதிக் கொடுத்தார். நல்ல மனிதர், கரையைக்கூடத் தேடியிருக்கிறார்!

செல்லாத்தாளின் வக்கீல் பாலகோபால் வாய்தா மேல் வாய்தா வாங்கினார். 1994 ஆவணியில் முன்சீப் பொறுமை இழந்தார். "இதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த வாய்தாவில் ஆதாரம் வராவிட்டால் உங்கள் தரப்புச் சாட்சியத்தை முடித்துவிடுவேன்."

வக்கீலின் முகம் செத்துவிட்டது. செல்லாத்தாள் கும்பிட்டாள். "ஒண்ணு போதுமுங்க சாமி."

வெளியே வந்ததும் வக்கீலைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க தம்பி, அவுங்கப்பன் அந்தக் காட்டக் கெரயம் வாங்குனப்ப நாலு பக்கமும் எல்லை சொல்லித்தானுங்க எழுதியிருப்பாங்க? தெக்கால என்னன்னு எழுதுனாங்கன்னு பாத்துப்போடலாமுங்களே!"

சட்டம் படித்த தலைக்கு இது தோன்றியிருக்கவில்லை. பத்திரம் தொலைந்துவிட்டது என்று வேங்கடசாமி சொன்னதை அவர் நம்பியிருந்தார். ரிஜிஸ்தர் ஆபீசில் இருப்பது தொலையாது என்று இவள் நம்பினாள். பத்திர எழுத்தர் அப்துல் வஹீதைக் கூட்டிக்கொண்டு பதினெட்டு நாள் நடையாய் நடந்தாள். எந்த வருடப் பத்திரம் என்று கேட்டால், "எங்க மூத்தவ பொறந்த வருசமுங்க பாய்" என்பதுதான் அவள் சொன்ன ஒரே அடையாளம். அந்த மகளின் வயதைக் கணக்குப் போட்டே அவர் 1958ஆம் வருடப் பதிவைப் பிடித்து நகலும் வாங்கித் தந்துவிட்டார்.

கடைசி வாய்தாவன்று பாலகோபால் எல்லைகளை வாசித்தார். "...இட்டேரிக்கு வடக்கு." அதாவது, வேங்கடசாமி காட்டின் தெற்கு எல்லையே இட்டேரிதான். முன்சீப் நிமிர்ந்தார். "இட்டேரி என்றால் என்னம்மா?"

"ரண்டு பக்கமும் கிளுவ வேலி, நடுவால வண்டித் தடமுங்க. ஊருக்கே பொதுவுங்க. ஏரியில்லீங்க சாமி, மழ பேஞ்சா முழங்காச் சேறுதானுங்க!"

கோர்ட்டே சிரித்தது. முன்சீப் சிரிப்பை மறைக்கக் காகிதத்துக்குள் குனிந்துகொண்டார். பிறகு வேங்கடசாமியை எழுப்பி, இது அவர் அப்பா வாங்கிய பத்திரம்தானே என்று கேட்டார். "ஆமாங்க" பாதிதான் வெளியே வந்தது. நகலின் மேல் முத்திரை விழுந்தது, வாதி தரப்புச் சான்றாவணம். அந்தச் சத்தத்தில் செல்லாத்தாளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தீர்ப்புக்கு இன்னும் நாள் இருந்தது. அவளுக்கோ அன்றைக்கே ஜெயித்தாயிற்று.

வெளியே வராந்தா குறுகல். துண்டை உதறித் தோளில் போட்டபடி விறுவிறுவென்று வந்த வேங்கடசாமி, நடுவில் அவள் நிற்பதைக் கண்டு தயங்கி நின்றுவிட்டார். செல்லாத்தாள் பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள்.

"போங்ணா, தடம் இருக்குதுங்க" என்று கையை நீட்டி வழிவிட்டாள்.