எதிர்பார்க்கப்படும் விடை

பேருந்து குலுங்கும்போதெல்லாம் பேனாவைத் தாளிலிருந்து அரை அங்குலம் தூக்கிக்கொள்வார். குலுக்கல் நின்றதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். மடியில் முப்பத்தெட்டு விடைத்தாள்கள். சரியான விடை என்றால் ஒரு கோடு, அடுத்தது. தப்பான விடை வந்தால்தான் கணக்கு டீச்சரின் பேனா நிற்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை மூக்குக்கு அருகே கொண்டுவந்து, "அடேங்கப்பா, எந்தச் சந்து வழியா வந்தே நீ?" என்று விடையிடமே விசாரிப்பார். பிறகு பையிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்து, தேதி போட்டு, அந்தத் தப்பை அப்படியே எழுதிக்கொள்வார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மெல்ல நகர்ந்துகொள்வதை அவர் ஒருநாளும் கவனித்ததில்லை.

உயர்நிலைப் பள்ளியில் பத்தொன்பது வருஷம், நோட்டுகள் பதினொன்று. ஆசிரியர் அறையில் 'தப்பு டீச்சர்' என்றால் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர்..." என்று மொழி ஆசிரியர் எதையோ ஆரம்பித்தால், "தப்பா இருந்தா மட்டும் குடுங்க சார், எடுத்துக்கறேன்" என்று கையை நீட்டுவார்.

புதுச் சாக்பீஸை இரண்டாக உடைத்துவிட்டுத்தான் எழுதுவார். முழுசாக இருந்தால் கிறீச்சிடுமாம். கைக்கடிகாரத்தின் முகம் மணிக்கட்டின் உள்பக்கம் இருக்கும். மணி பார்ப்பது பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாதாம். கோபம் வந்தால் குரல் ஏறாது, மரியாதை ஏறும். எப்போதும் "வாடா" என்று தான் கூப்பிடுகிற பையனை "வாங்க, உட்காருங்க" என்று அவர் சொல்லிவிட்டால் அந்த வகுப்பில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

நாற்பத்து மூன்று வயதில், சனி ஞாயிறுகளில், கல்வியியல் முதுநிலைப் படிப்புக்குப் போகிறார். இதனால் சம்பளம் ஏறப் போவதில்லை. நாற்காலியும் மாறப் போவதில்லை. "பின்னே எதுக்கு இந்த வயசுல?" என்று கேட்டவர்கள் அநேகம். பாடக்குறிப்புப் படிவத்தைத் தயாரிக்கும் குழுவில் இடம் பெற அந்தப் பட்டம் வேண்டும். அந்தப் படிவத்தில் மூன்று கட்டங்கள். ஆசிரியர் கேட்பது. மாணவர் செய்வது. மூன்றாவது, எதிர்பார்க்கப்படும் விடை. ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால், பிள்ளை வாயைத் திறப்பதற்கு முன்பே, பிள்ளையின் பதிலை ஆசிரியர் அதில் எழுதி வைக்க வேண்டும். எழுதியது எப்போதும் சரியான விடையாகவே இருக்கும். பத்தொன்பது வருஷம் அந்தக் கட்டத்தை நிரப்பி நிரப்பி அவருக்கு உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தது. "அந்தக் கட்டத்தை அடிச்சுத் தூக்கற எடத்துல போய் நான் உட்காரணும்" என்பார். அவ்வளவுதான் ஆசை.

போன வருஷம் செய்முறைத் தேர்வுக்கு அவர் எழுதிக் கொடுத்த பாடக்குறிப்பில், கேள்வி: ஏ ப்ளஸ் பி ஹோல் ஸ்கொயர் என்றால் என்ன? எதிர்பார்க்கப்படும் விடை: ஏ ஸ்கொயர் ப்ளஸ் பி ஸ்கொயர். அடியில் சின்ன எழுத்தில்: 'தவறு. ஆனால் முப்பத்தெட்டுப் பேரில் இருபத்தாறு பேர் இதைத்தான் சொல்வார்கள். பாடம் இங்கிருந்து தொடங்கும்.'

நெறியாளரான பேராசிரியர் பள்ளிக்கூட வகுப்பில் கடைசியாக நின்று இருபத்தைந்து வருஷம் ஆகிறது. சிவப்பு மையால் அந்தக் கட்டத்தைச் சுழித்தார்.

"என்னம்மா இது? டீச்சரே தப்பு எழுதலாமா?"

"பசங்க இதைத்தான் சார் சொல்லுவாங்க."

"அவங்க சொல்லுவாங்க. நீங்க ஏன் எதிர்பார்க்கறீங்க?"

நாற்பத்து மூன்று மதிப்பெண். ஐம்பது எடுத்தால்தான் தேர்ச்சி. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதிலும் தவறினால் இரண்டு வருஷப் படிப்பு குப்பைக்கு.

அன்று வீட்டில் பாத்திரங்கள் பட்ட பாட்டை அவற்றைத்தான் கேட்க வேண்டும். கணவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். நடந்ததைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நல்லா இருக்கே கதை! கதவைத் திறக்கறதுக்கு முன்னாடியே 'ஜில்லுனு இருக்கு'ன்னு எழுதிட்டா, அப்புறம் என்னை எதுக்குக் கூப்பிடறாங்க?"

"சிரிக்காதீங்க. பத்திக்கிட்டு வருது."

"பாத்திரத்துக்கிட்ட ஏன் காட்டறே? அந்த ஆளுகிட்டக் காட்டு."

"காட்டினா ஃபெயிலு."

"அப்ப எழுதிக் குடுத்துத் தொலை. பட்டத்தை வாங்கு முதல்ல. கட்டத்தை அப்புறம் கிழிக்கலாம்."

இந்த வருஷம் எழுதிக் கொடுத்தார். முதல் படி திரும்பி வந்தது. இரண்டாவதில் "நடை போதலைம்மா, கொஞ்சம் தூய தமிழ்ல இருக்கட்டும்" என்று திரும்பி வந்தது. மூன்றாவதில் எல்லாக் கட்டங்களிலும் சரியான விடைகள், இலக்கணமாக. "இப்பத்தாம்மா பாடக்குறிப்பு மாதிரி இருக்கு" என்றார் பேராசிரியர். "ரொம்ப நன்றிங்க ஐயா. ரொம்பப் பெரிய மனசுங்க ஐயா உங்களுக்கு" என்றார் டீச்சர். அந்த மரியாதையின் பொருள் அவரிடம் படித்த எந்தப் பிள்ளைக்கும் புரிந்திருக்கும். பேராசிரியர் புன்னகைத்தார்.

தேர்வு வேறொரு பள்ளியில். சொந்த மாணவர்கள் கூடாது என்பது விதி. ஒன்பதாம் வகுப்பு, நாற்பது பிள்ளைகள், நாற்பது தெரியாத முகங்கள். பின்வரிசைக்கும் பின்னால் இரண்டு நாற்காலிகள்: பேராசிரியரும், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மாளும். டீச்சர் சாக்பீஸை உடைத்தார். முதல் கேள்வியைக் கேட்டார்.

நாற்பது கைகளும் உயர்ந்தன. முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து நின்று, சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "இரு உறுப்புகளின் கூடுதலது வர்க்கமானது, முதல் உறுப்பின் வர்க்கம், உறுப்புகளின் பெருக்கற்பலனது இருமடங்கு, இரண்டாம் உறுப்பின் வர்க்கம் ஆகியவற்றின் கூடுதலாகும்."

பதினாலு வயதில் எந்தப் பிள்ளையும் 'வர்க்கமானது' என்று பேசாது. அந்த 'ஆனது' டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் படியில் சேர்த்தது. அவருடைய வாக்கியம் அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து, ஒரு எழுத்து சிந்தாமல், திரும்பி வந்தது.

இரண்டாவது கேள்வி. சரியான விடை. மூன்றாவது கேள்விக்கு அவர் மூச்சை இழுப்பதற்குள் ஜன்னலோரத்துப் பையன் எழுந்து, "பதினாறு எக்ஸ் ஸ்கொயர் டீச்சர்!" என்றான்.

"நான் இன்னும் கேக்கவே இல்லையேப்பா."

வகுப்பு சிரித்தது. பையன் பக்கத்திலிருந்தவனை முழங்கையால் இடித்தான். "நீதானடா எழுந்திருன்னே!"

பின்னால் பேராசிரியர் இருமினார். தேர்வாளர் அம்மாள் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டிருந்தார். டீச்சர் முன்வரிசைக்கு இரண்டடி நகர்ந்து, அந்தப் பெண்ணிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மூணும் நாலும் கூட்டி ஹோல் ஸ்கொயர். எவ்வளவும்மா?"

அவள் விழித்தாள். "அது பேப்பர்ல இல்ல டீச்சர்."

"எந்தப் பேப்பர்ல?"

"பின்னால உக்காந்திருக்கற ஐயா குடுத்தனுப்பின பேப்பர். நேத்து ரெண்டு பீரியட் ப்ராக்டீஸ் பண்ணோம்."

டீச்சர் அவளுடைய மேசைக்கு அடியில் பார்த்தார். மடித்த நகல் ஒன்று. மூன்று கட்டங்கள், அவருடைய கையெழுத்து. ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ஒரு பிள்ளையின் வரிசை எண்.

காது மடல் சுட்டது. இன்னும் நான்கு கேள்விகள்; பன்னிரண்டு நிமிஷம். எதையும் காட்டிக்கொள்ளாமல் கேட்டு முடித்தால் எழுபதுக்குக் குறையாது. பட்டம் வரும், குழு வரும், அந்தக் கட்டத்தை அடித்தும் விடலாம். ஆனால் இந்த நாற்பது பேரும் இன்று மாலை வீட்டுக்குப் போகும்போது எதைக் கற்றுக்கொண்டு போவார்கள்? பதில் என்பது நேற்றே யாரோ எழுதி வைத்தது என்று. எழுதி வைத்தவர் வேறு யாருமில்லை, இவர்தான். அந்தக் கோபத்தைப் பேராசிரியர் தலையில் மட்டும் கொட்ட முடியவில்லை.

"உட்காருங்க" என்றார் அந்தப் பெண்ணிடம். பிறகு பாடக்குறிப்பை நான்காக மடித்து மேசையில் கவிழ்த்தார்.

"பேப்பரைப் பையில போடுங்க எல்லாரும். மூணு ப்ளஸ் நாலு, ஹோல் ஸ்கொயர். யாருக்கு என்ன தோணுதோ சொல்லுங்க."

ஒரு கைகூட எழவில்லை. வெளியே யாரோ வாளியை இழுத்துப் போகும் சத்தம். டீச்சர் காத்திருந்தார். காத்திருப்பது அவருக்குத் தெரிந்த வேலை.

கடைசி பெஞ்சிலிருந்து, அந்த நகலில் வரிசை எண்ணே இல்லாத ஒரு பெண், பாதி எழுந்தாள். "இருபத்தஞ்சா டீச்சர்?"

அன்று காலையிலிருந்து முதல் தடவையாக டீச்சரின் முகம் மலர்ந்தது. "எப்படி வந்துச்சு?"

"மூணு ஸ்கொயர் ஒம்பது. நாலு ஸ்கொயர் பதினாறு. கூட்டினேன்."

"வா, வந்து எழுது."

"மேடம்," என்றார் பேராசிரியர், "பாடக்குறிப்புக்கு வாங்க."

டீச்சர் சாக்பீஸை அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அவள் பலகையில் 25 என்று எழுதினாள். "சரி, மூணும் நாலும் எவ்வளவு?" ஏழு. "ஏழேழு?" பக்கத்திலேயே 49 என்று எழுதினாள். எழுதிவிட்டுக் கையை எடுக்காமல் நின்றாள். இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். நாற்பது தலைகளும் அவளோடு சேர்ந்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வந்தன.

"ரெண்டும் எப்படி டீச்சர்?" என்றாள். "எங்கேயோ கொறையுது. இருபத்து நாலு..."

"மேடம், தப்பு விடையை போர்டுல விடக் கூடாது. அழிங்க அதை. மார்க் போயிடும், சொல்லிட்டேன்." நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. பேராசிரியர் எழுந்துவிட்டார்.

அந்தப் பெண் பதறி டஸ்டருக்குக் கையை நீட்டினாள். டீச்சர் அதற்கு முன் அதை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு, பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல், திரும்பியும் பார்க்காமல், ஒரு கையை மட்டும் பின்பக்கம் நீட்டி, விரல்களை விரித்து, உள்ளங்கையைப் பேராசிரியருக்கு நேராக நிறுத்தினார்.