தியாகியின் தழும்பு

அந்தத் தெருப் பெண்கள் வாயில் 'ஆபரேஷன்' என்றால் ஒன்றுதான். கண்ணுக்குச் செய்தால் கண் ஆபரேஷன், கல்லுக்குச் செய்தால் கல் ஆபரேஷன். முன்னால் எந்த ஒட்டும் இல்லாமல் மொட்டையாக 'ஆபரேஷன்' என்று வந்தால், அது பிள்ளை போதும் என்று செய்துகொள்வது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. இந்த ஒரு சொல்தான் கண்ணாடிக்கடைக்காரியின் தலையில் கல்லைப் போட்டது.

கண்ணாடிக்கடைக்காரி என்றதும் கடை அவளுடையது என்று நினைத்துவிட வேண்டாம். கடைக்குப் பின்னால் திரும்ப இடமில்லாத ஒரு அறையில் நின்று, மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் அரைத்துப் பிரேமில் பொருத்துகிறவள். மயிரிழை கூடினாலும் லென்ஸ் பிரேமில் உட்காராது, குறைந்தாலும் நிற்காது. கை நடுங்காத வேலைக்காரி என்று கடையில் பெயர்.

இரண்டாவது பிள்ளையின்போது ரத்தம் நிற்காமல் போய், செத்துப் பிழைத்தாள். "இதோட நிறுத்திக்கம்மா. இன்னொண்ணைத் தாங்க உன் உடம்புல ஒண்ணுமில்லை" என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். சரி, நிறுத்த வேண்டும். எப்படி?

முதலில் மாத்திரை. அதை விழுங்க ஆரம்பித்ததும் ஒற்றைத் தலைவலி வந்தது. தலைவலிக்கு முன்னால் கண்ணில் பளிச் பளிச்சென்று கோடுகள் ஓடின, பாதிப் பார்வை மறைந்தது. லென்ஸ்கள் வரிசையாகப் பாழாயின. டாக்டரம்மா கேட்டுவிட்டுப் பதறிப்போனார். "கண்ணுல கோடு ஓடுற தலைவலிக்காரங்க இதைத் தொடவே கூடாது. கை கால் இழுத்துக்கும். ஹார்மோனே இல்லாததாப் பார்ப்போம்" என்று காப்பர் டி போட்டார். அது தலையை விட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டது. மாதாமாதம் கொட்டித் தீர்த்து, ஏற்கெனவே சோகை பிடித்தவள் காகிதமாக வெளுத்தாள். எடுத்துவிட்டார்கள். அவளுக்கே ஆபரேஷன் செய்யலாமென்றால், இரண்டு தடவை கிழித்துத் தைத்த வயிறு, உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது, வேறு வழியே இல்லாவிட்டால்தான் கத்தி வைப்பேன் என்றார்.

"உறை இருக்கு. இல்லைன்னா உன் வீட்டுக்காரர் வந்தா பத்து நிமிஷ வேலை. தையல்கூடப் பெருசா இருக்காது" என்றார்.

வீட்டுக்காரன் கேஸ் சிலிண்டர் போடுகிறவன். நிறைந்த சிலிண்டரைத் தோளில் வைத்து மூன்று மாடி ஏறுவான். ஆனால் உறை என்றால், "கையில பையை மாட்டிக்கிட்டுச் சாப்பிடச் சொல்றியா?" என்பான். ஆபரேஷன் என்றால், "பார்க்கலாம்" என்பான். அந்தப் பார்க்கலாம் ஒரு வருஷம் ஓடியது. அவள் பயத்தில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு அடுத்த அறையில் படுக்க ஆரம்பித்தாள். அவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

ஒரு நாள் அவனாகவே வந்து சொன்னான். "ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துட்டாங்க. கூட வேலை பாக்குறவங்க துணைக்கு வர்றாங்க. ஆம்பளைங்க வார்டு, நீ வர வேணாம்."

அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எந்த ஆபரேஷன் என்று கேட்பாளா? கேட்பவள் அந்தத் தெருக்காரியாக இருக்க முடியாது. அப்படியே அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவனும் பார்த்தான். அவள் என்ன நினைத்துவிட்டாள் என்பது அவனுக்குப் புரிந்தது. புரிந்தும் வாயை மூடிக்கொண்டான். அந்த நிமிஷத்தில்தான் ஐயா கெட்டிக்காரர் ஆனார்.

திரும்பி வந்தவனுக்கு நடந்த உபசாரத்தைக் கேட்க வேண்டுமா! முட்டை, பால், பழம். தண்ணீர்க் குடத்தைத் தொட விடவில்லை. கண்ணாடிக் கடைப் பெண்கள் விஷயம் கேட்டு வாயைப் பிளந்தார்கள். "என் வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, ஊசிக்கே ஓடும்" என்றாள் கல்லாவில் இருப்பவள். அன்றிலிருந்து அவனுக்கு அந்தக் கடையில் 'தியாகி' என்று பெயர். "தியாகி சாப்பிட்டாரா? தியாகிக்குச் சளி விட்டுச்சா?" மாமியார் மட்டும் மருமகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "என் பிள்ளையை அறுத்துப் போட்டுட்டா" என்று புலம்பினாள். தியாகி அதையும் கேட்டுக்கொண்டு பழத்தை உரித்துத் தின்றான்.

அவள் தன் படுக்கையைத் திரும்ப அவன் அறைக்கு மாற்றினாள். சந்தோஷமாகத்தான் மாற்றினாள். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

அடுத்த வருஷம் நாள் தள்ளியது. சோகைதான் என்று நினைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நர்சம்மா சோதித்துப் பார்த்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"உன் வீட்டுக்காரருக்குத்தான் ஆபரேஷன் ஆயிடுச்சுன்னு சொன்னியே?"

"ஆயிடுச்சும்மா."

"அப்ப இது?"

கேட்டுவிட்டு நர்சம்மாவே சமாளித்தாள். ஆயிரத்தில் ஒன்று தவறிப்போவதும் உண்டு, அவரை வரச் சொல், சோதித்துப் பார்த்துவிடலாம் என்றாள். அவள் அதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

மாமியார் கேட்ட கேள்வியில் அந்தச் சமாளிப்பெல்லாம் இல்லை. "ஆபரேஷன் பண்ணினவனுக்கு ஏதுடி பிள்ளை? யாரோடது? கடைக்குக் கண்ணாடி மாட்ட வர்றவன் எவனாவதா?"

அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் அவனைப் பார்த்தாள். "என்னங்க, சொல்லுங்களேன். சில சமயம் தவறிப்போகுமாம். ஒரு தடவை வந்து சோதிச்சுக்கோங்க. எனக்காக வாங்க."

அவன் தட்டில் குழம்பை ஊற்றிப் பிசைந்தான். "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றான். ஒரு கவளத்தை வாயில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டான். மாமியார் அதைப் பிள்ளையின் மனக்கஷ்டம் என்று எடுத்துக்கொண்டாள். தெருக்குழாயில் விஷயம் தண்ணீரோடு பரவியது. கடையில் தியாகியைப் பற்றி விசாரிப்பது நின்றது, அவளிடம் பேசுவதும் நின்றது.

அவள் மறுபடி நர்சம்மாவிடம் போய், "அவர் வர மாட்டேங்கிறாரு. அவருக்குச் செஞ்சது சரியா இருக்கான்னு நீங்களே கண்டுபிடிக்க முடியாதா?" என்று அழுதாள்.

"தழும்பு எப்படி இருக்கு?" என்று கேட்டாள் நர்சம்மா.

அவள் தன் வலது அடிவயிற்றில், தொடை மடிப்புக்கு மேலே, விரலால் சாய்வாக ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். ஆட்காட்டி விரல் நீளத்துக்கு.

நர்சம்மா பஞ்சுப் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். "ஏம்மா, இது குடலிறக்கத்துக்குப் போடுற தையல். பாரம் தூக்குறவங்களுக்கு வர்றது. அந்த ஆபரேஷன் அவருக்கு நடக்கவே இல்லை."

நாள் முழுக்க மயிரிழை பார்க்கிற கண், தினமும் பார்த்த தழும்பு. அவளுக்குத் தன் மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்து மாமியாரையும் உட்கார வைத்துக்கொண்டுதான் கேட்டாள். அவன் அசரவில்லை.

"நான் எப்பச் சொன்னேன் அதுன்னு? ஆபரேஷன்னுதானே சொன்னேன்? நீயா நினைச்சுக்கிட்டா அதுக்கு நான் என்ன பண்றது?"

"சரி, நான் முட்டாள். உங்கம்மா என்னைத் தேவடியாங்கிற மாதிரிக் கேட்டாங்களே, அப்ப உங்க வாயில என்ன இருந்துச்சு?"

"அப்பச் சொன்னா எனக்கு அசிங்கமா இருக்காதா?" என்றான்.

அசிங்கம் என்ற சொல்லை அவன் தனக்காகப் பயன்படுத்திக்கொண்டதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

மாமியார் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம ரத்தம்தானா! முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்னடா? சரி விடு, ஆனது ஆச்சு. இன்னொரு பேரன் வந்துட்டுப் போறான்." மன்னிப்பா? அதெல்லாம் அந்த வீட்டில் கிடையாது.

"அத்தை, நான் செத்துப்போவேன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

"அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நாங்கல்லாம் பெறலையா?"

மறுநாள் அவள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். கலைத்துவிட்டு, அதோடு தனக்கே ஆபரேஷனையும் செய்துவிடச் சொன்னாள். ரத்தம் ஏற்றித்தான் செய்ய வேண்டும், ஆபத்து உண்டு என்றார் டாக்டரம்மா. "உன் வீட்டுக்காரரை ஒரு தடவை கூட்டிட்டு வந்து பாரேன்மா, அவருக்கே செஞ்சுடலாம்" என்று மறுபடியும் கேட்டார்.

"அவருக்குத்தான் ஏற்கெனவே ஆயிடுச்சே டாக்டர்" என்று அவள் சிரித்தாள். டாக்டரம்மாவால் சிரிக்க முடியவில்லை.

அவள் ரத்தப் பாட்டிலுக்குக் கீழே படுத்திருந்தபோது அவன் தெருக்கோடி வீட்டில் சிலிண்டர் மாற்றிக்கொண்டிருந்தான். அந்த வீட்டுக்காரி, "எங்க உன் பெண்டாட்டியைக் காணோம்?" என்று கேட்டாள்.

"அவளுக்கு ஆபரேஷன்."

"அவளுக்கா? நீதானேப்பா போன வருஷம் பண்ணிக்கிட்ட?"

காலிச் சிலிண்டரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டே, கொஞ்சமும் தடுமாறாமல் அவன் சொன்னான். "அது வேற ஆபரேஷன்க்கா."

அவ்வளவுதான். அன்றைக்குத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு அவனால் சொல்ல முடியாமல் போனது இந்த மூன்று வார்த்தையைத்தான்.