ஜூலியஸ் ஒரு சொதி

அருள்மலர் கிண்ணத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். முழங்கை உயரத்தில் பொன்முலாம் பூசிய கிண்ணம். அதன் அடியில், ‘சறுக்கு வீரர் அமரர் ஜூலியஸ் ஞாபகார்த்தக் கிண்ணம்’ என்று வெட்டியிருந்தார்கள்.

“வீரரோ?”

“ஓம் அன்ரி. வடிவாய் இருக்கெல்லே?” என்றான் வினோதன். பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர் அவன்தான். வெக்ஸ்போர்ட் பிளாசா வாசலில் நின்று, பஸ்ஸில் ஏறுகிறவர்களின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். “சாப்பாட்டு நேரம் நீங்கள்தான் உங்கட கையால குடுக்கவேணும்.”

ஜூலியஸ் அவளுடைய கணவர். ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். போன வைகாசியில் சமையலறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் பிறகு எழும்பவில்லை. சங்கம் ஒவ்வொரு குளிர்காலமும் நகரத்துக்கு வடக்கே உள்ள மலைக்குப் பனியில் ஸ்கீ ஓட பஸ் விடும். அவர் ஒரு தடவையும் தவறவிட்டதில்லை. ஒரு தடவையும் விழாமல் இறங்கியதும் இல்லை.

ஒருமுறை பஸ்ஸில் புதிதாக வந்த ஒருவர், ஸ்கீ ஓட்டத்தில் தான் எந்த லெவலாக இருக்கும் என்று கேட்டார். ஜூலியஸ் எழுந்து சீற்றுகளுக்கு நடுவில் நின்றார்.

“ரொட்டியெண்டால் விழுந்த இடத்திலேயே தட்டையாய்க் கிடப்பார். புட்டெண்டால் தொப்பி ஒரு பக்கம், கையுறை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம், உதிர்ந்துபோவார். இடியப்பத்துக்குக் கால் எது, ஸ்கீக் கட்டை எது எண்டு பிரிச்சுச் சொல்ல ஏலாது. தோசை மட்டும்தான் ரெண்டு பக்கமும் திரும்பும்.”

“அப்ப நீங்கள் என்ன, அண்ணை?”

“நான் சொதி. மேல நிண்டு ஊத்திவிட்டால் நேர கீழ போவன். எங்க போய் நிற்பன் எண்டு எனக்கே தெரியாது.”

பஸ் முழுக்கச் சிரித்தது. அன்றைக்கு எல்லோரும் தங்களை ரொட்டி, புட்டு என்று சொல்லிக்கொள்ளப் போட்டிபோட்டார்கள்.

இந்த வருடம் எல்லோரும் தோசை. மஞ்சள் ரீசேட்டில் நெஞ்சுப் பக்கம் ‘தோசை’ என்று அச்சடித்து, முதுகில் ஜூலியஸின் படத்தையும் போட்டு வைத்திருந்தார்கள். புட்டு என்று அச்சடித்த ரீசேட்டுகளைத் தொடுவாரில்லை. “எனக்குத் தோசைதான் வேணும், நான் கியூபெக்கிலயே ஓடினனான்” என்று ஒருவர் வினோதனோடு பிடுங்குப்பட்டார். அவருடைய ஜாக்கெற்றில் விலைச் சீட்டுத் தொங்கியது. அதற்கு மேலேயே ரீசேட்டை மாட்டிக்கொண்டு அவர் சாய்ந்து உட்கார்ந்தபோது ஜூலியஸின் முகம் சீற்றோடு நசிந்தது. அருள்மலர் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் ஸ்கீ ஓடுவதில்லை. மருந்துக்கடையில் நாள் முழுக்க நிற்கிற கால்களுக்கு அது வேண்டாம் என்பாள். மலையடிவாரத்துக் கன்ரீனில் கண்ணாடிப் பக்கமாக ரீ பிளாஸ்கோடு இருப்பாள். ஒரு வருடம் ஜூலியஸ் நேரே வந்து மேலே ஏற நிற்கிற லிஃப்ற் வரிசைக்குள் புகுந்து, நாலைந்து பேரைச் சாய்த்துவிட்டு, எழும்ப முடியாமல் சிரித்துக்கொண்டு கிடந்தார். தலையில் அடிபட்டுவிட்டது என்று பயந்த காவல்காரப் பெடியன்கள் அவரைப் பனிவண்டிலில் கட்டி, பெருநாளுக்குப் புனிதரின் சுருவம் கொண்டுவருவதுபோலக் கொண்டுவந்தார்கள். படுத்தபடியே சனத்துக்குக் கை காட்டிக்கொண்டு வந்தார். அந்த மனிதரைத்தான் அவள் முப்பது வருடம் கட்டியிருந்தாள்.

இந்தமுறை கண்ணாடிப் பக்கம் அவளுக்குத் துணையாகக் குலசிங்கம் இருந்தார். வீடு விற்கிறவர். காலையிலிருந்து பூட்ஸைக்கூடப் பூட்டாமல், போனில் கதைத்தபடி பொரித்த உருளைக்கிழங்கு தின்றார். மத்தியானம் வினோதன் மைக்கைப் பிடித்து, இந்த வருடத்தின் சிறந்த தோசை குலசிங்கம் அண்ணை என்று அறிவித்தான். சாப்பாட்டுச் செலவு அவருடையது.

“அமரர் ஜூலியஸ் அவர்கள் பனிமலையில் சிங்கம்போலப் பாய்ந்தவர். எந்தச் சரிவும் அவரை விழுத்தியதில்லை. அவரது துணைவியார் இப்போது...”

அவளுடைய கையில் கிண்ணம் வந்தது. இன்னொரு கையில் மைக். அவள் கதைக்க நினைத்திருக்கவில்லை.

“அவர் விழுவார்,” என்றாள். “ஒவ்வொரு தரமும் விழுவார். அவருக்கு ஸ்கீ ஓடத் தெரியாது.”

வினோதன் மைக்கை மெதுவாக வாங்கினான்.

“பாத்தீங்களோ? எவ்வளவு தன்னடக்கம்!”

எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். முப்பது வருடமாக அருள்மலர் தெரிந்துவைத்திருந்த ஒருவரை, அவள் கண் முன்னாலேயே துடைத்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறு யாரையோ வைக்கிறார்கள். அதற்குக் கைதட்டல் வேறு.

குலசிங்கம் இரண்டு கையையும் நீட்டினார். “தாங்கோ அக்கா. படம் எடுக்கினம், கொஞ்சம் சிரியுங்கோ.”

அவள் கிண்ணத்தை ஜாக்கெற்றுக்குள் வைத்து சிப்பை இழுத்துப் பூட்டினாள். கிண்ணத்தின் வாய் மட்டும் கழுத்தடியில் வெளியே நின்றது. அப்படியே வெளியே நடந்து போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

திரும்பி வருகிற வழியில் வினோதன் பக்கத்துச் சீற்றில் வந்து குந்தினான்.

“அன்ரி, குலசிங்கம் அண்ணை மூஞ்சையை நீட்டிக்கொண்டு இருக்கிறார்.”

“இருக்கட்டும்.”

“நாங்கள் அங்கிளுக்கு மரியாதையாத்தானே செய்தனாங்கள்?”

“ஆருக்கு? உதில எழுதியிருக்கிற ஆளை எனக்குத் தெரியாது, தம்பி.”

“ஞாபகார்த்தக் கிண்ணத்தில விழுந்தெழும்பினவர் எண்டு வெட்டேலுமோ அன்ரி? சனம் சிரிக்கும்.”

“அவர் வேற என்னத்துக்கு மலைக்கு வந்தவர்?”

வினோதன் முன்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“அந்தச் சறுக்கு வீரர் எண்டதை உரஞ்சி எடுத்துவிடச் சொல்லுறன். பேர் மட்டும் இருக்கட்டும். இப்ப தாங்கோவன்.”

“வெட்டின கடை எதெண்டு சொல்லு. உரஞ்சி எடுக்க நானே கொண்டுபோறன்.”

அவன் எழுந்து முன்னுக்குப் போனான். அங்கே குலசிங்கத்தின் குரல் உயர்ந்தது. அருள்மலர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கிண்ணத்தை ஜாக்கெற்றுக்குள்ளிருந்து எடுத்து, வீரர் என்ற எழுத்தின் மேல் கட்டைவிரலை வைத்து, பஸ் ஸ்காபரோவுக்குள் வரும்வரை அழுத்திக்கொண்டிருந்தாள்.