மாதா பக்கத்தில் வைத்த ஒயின்

அந்தக் காலத்தில் நான் சேலத்தில் மதுவிலக்கு அலுவலகத்தில் குமாஸ்தா. பிடிபட்ட சாராயத்துக்கு மகஜர் எழுதுவது என் வேலை. எத்தனை பானை, என்ன வாடை, சாட்சிகள் யார் என்று எழுதி எழுதியே, ஒரு சொட்டும் குடிக்காமல், எனக்குச் சாராயம் அலுத்துவிட்டது. அப்பேர்ப்பட்ட என் கையில்தான் எங்கள் பங்குச் சாமியார் ஒரு ஒயின் புட்டியைத் திணித்தார்.

அவர் இத்தாலிக்காரர். நான் தமிழ் சொல்லிக்கொடுத்ததற்கு நன்றியாம். ஊரில் அவருடைய அண்ணனுக்கு மலைச்சரிவில் திராட்சைத் தோட்டம். படம் காட்டினார்: ஓட்டு வீடு, வரிசையாய்க் கொடிகள், நடுவில் தொப்பி போட்ட அண்ணன். “இது இளம் ஒயின். சேமித்து வைக்கத் தக்கதன்று. கோடைக்கு முன் உணவோடு அருந்திவிடுங்கள்” என்றார். அவர் வாயைத் திறந்தாலே பிரசங்கம்தான். சொல்லிக்கொடுத்த பாவம் என்னுடையது.

பூசைக்கு ஒயின் வைத்துக்கொள்ள அவருக்கு அனுமதி உண்டு. எனக்குக் கிடையாது. யாராவது பார்த்தால் என் வேலை போய்விடும். மறுக்கவும் வாய் வரவில்லை. துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அன்றே குடித்துத் தீர்த்துவிடலாம் என்றால் என் மனைவி விடவில்லை. அவள் திருச்செங்கோட்டுப் பக்கம்.

“பூசையில சாமியாரு மட்டும் குடிக்கறதுங்க. அத நாம சோத்தோட வெச்சுக் குடிக்கறதுங்களா?”

மாதா சுரூபத்தின் பக்கத்தில் புட்டியை வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினாள். வேலை போய்விடும் என்று கெஞ்சினேன். மாதாவிடம் இருப்பதை எவன் கேட்பான் என்றாள்.

பக்கத்து வீட்டு அம்மாள் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு முழம் மல்லிகை கொண்டுவந்து புட்டிக்குச் சுற்றினார். காய்ச்சல் விட்டது. அவ்வளவுதான். மாசி முடிவதற்குள் வெள்ளிக்கிழமைகளில் செவ்வாய்ப்பேட்டை மளிகைக்காரர்கள் வரை வர ஆரம்பித்தார்கள். புட்டியை ஒளித்தால் சாமி எங்கே என்று கேட்பார்கள். விட்டுவைத்தால் என் சோற்றில் மண். பயத்தில் எனக்குத் தூக்கமே போயிற்று.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் இன்ஸ்பெக்டர் தேங்காய் பழத் தட்டோடு வந்து நின்றார். தண்ணியில்லாத காட்டுக்குப் போட்டிருந்த அவருடைய மாற்றல் ரத்தாகியிருந்தது. அவர் மனைவி எனக்குத் தெரியாமல் வந்து, புட்டியின் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டி வேண்டிக்கொண்டாராம்.

கும்பிட்டு நிமிர்ந்தவர் புட்டியை உற்றுப் பார்த்தார். “இது என்னம்மா?”

மாதா முன்னால் பொய் சொல்ல என் மனைவிக்கு வராது. “இத்தாலி ஒயினுங்க.”

அவர் முகம் கறுத்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “மகஜர் எழுதுங்க.”

என்மீதே நான் மகஜர் எழுதினேன். கையெழுத்து மட்டும் கோணவில்லை, பழக்கம். சாட்சி இரண்டு பேர் வேண்டும். கூடத்தில் இருபது பேர் இருந்தும் ஒருவரும் முன்வரவில்லை.

“கும்புட்ட சாமியச் சாராயமுன்னு எப்படிங்க கையெழுத்துப் போடறது?” என்றார் ஒரு மளிகைக்காரர். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

இனி வாடை பார்த்து எழுதவேண்டியதுதான் பாக்கி. தன் மனைவி கட்டிய கயிற்றின்மேல் விரல் படாமல் இன்ஸ்பெக்டர் தக்கையைப் பிடித்தார். மெழுகுவர்த்திச் சூட்டிலும் சேலத்து வெயிலிலும் தக்கை சுருங்கிப்போய், இழுத்ததும் வந்துவிட்டது. அவர் முகர்ந்தார். தும்மினார். மறுபடி முகர்ந்தார்.

“புளிச்சுக் காடியாயிடுச்சு,” என்றார், உயிர் வந்தவர்போல. “காடின்னு எழுதுங்க. கேஸ் இல்ல.”

எழுதினேன். இந்தத் தடவை சந்தோஷத்தில் எழுத்து கோணியது. அவர் தேங்காயை உடைத்துவிட்டுப் போனார். எல்லாரும் போனபிறகு படத்தில் பார்த்த அந்தத் தொப்பிக்காரர் நினைவு வந்தது. ஒரு மனிதனின் ஒரு வருட உழைப்பு கெட்டுப்போனதற்காக இவ்வளவு மகிழ்ந்தேனே என்று வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் சாமியார் வந்து, ஒயின் எப்படி என்று கேட்டார். சொல்லத் தைரியமில்லாமல் ஒரு டம்ளரில் ஊற்றி நீட்டினேன். ஒரு வாய் குடித்தவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் நடந்ததையெல்லாம் கொட்டினேன்.

“உங்கள் வேலை?”

“தப்பிச்சுதுங்க சாமி.”

டம்ளரில் மிச்சமிருந்த காடியையும் அவர் ஒரே மடக்கில் குடித்து முடித்தார். “இவ்வாண்டு விளைச்சல் நன்று என்று அண்ணனுக்கு எழுதுகிறேன்,” என்றார்.